டன் கணக்கும் மார்க் கணக்கும்

நெய்வேலிக்காரர்களுக்கு எம்.ஓ.யு. என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காக ஒரு பத்தி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மத்திய அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள் வருடா வருடம் தங்கள் அமைச்சகத்தோடு ஒரு ஒப்பந்தம் போடும். இவ்வளவு டன் வெட்டுவேன், இவ்வளவு யூனிட் மின்சாரம் தருவேன், இவ்வளவு லாபம் காட்டுவேன் என்று. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்து மார்க் போடுவார்கள். எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று ஐந்து படிகள். 1984ல் அர்ஜுன் சென்குப்தா கமிட்டி சொன்ன யோசனை இது, மூலம் பிரான்ஸ். 80களின் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. 2008ல் வந்த உத்தரவுப்படி அதிகாரிகளின் ஊக்கத்தொகையையும் (பி.ஆர்.பி. என்பார்கள்) இந்த மார்க்கோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்த உத்தரவில் எக்ஸலன்ட் என்றால் 100 சதவீதம், வெரி குட் 80, குட் 60, ஃபேர் 40, புவர் என்றால் சைபர் என்று இருந்தது. அதனால் எங்கள் டவுன்ஷிப்பில் ரேட்டிங் என்பது பேப்பரில் வரும் செய்தி மட்டுமல்ல. அந்த வருடம் வீட்டுக்குப் புது ஏ.சி. வருமா வராதா என்பதும் அதில்தான் இருக்கிறது.

பழுப்பு நிலக்கரியை இப்படி அளப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. டன்னை எடை போடலாம், யூனிட்டை மீட்டரில் பார்க்கலாம். ஆனாலும் அங்கேயே இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, இலக்கைப் பேசி முடிவு செய்வதே அந்த நிறுவனமும் சேர்ந்துதான். கம்மியாக வாக்குக் கொடுத்தால் சுலபமாக எக்ஸலன்ட் வாங்கலாம். இரண்டாவது, கணக்கில் வராதது வராமலேயே போய்விடும். சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிடாமல் இருக்க, நிலக்கரிக்குக் கீழே இருக்கும் நீர்மட்டத்தை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுவட்டக் கிராமத்துக் கிணறுகள் எத்தனை அடி இறங்கின என்பது டன் கணக்கில் எங்கே வரும்?

இந்த மார்க் போடும் பழக்கம் சுரங்கத்தோடு நிற்கவில்லை. எங்கள் ஊரில் இருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று பஸ் பிடித்தால் வரும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போயிருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அரசாங்கம் பணத்தைக் குறைத்துக்கொண்டு மார்க்கைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மார்க்குக்குக் காசு என்பது ஏதோ 1991க்குப் பிறகு வந்த சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. 1862ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் கொண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, ஆரம்பப் பள்ளிகளுக்கான மானியம் பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பொறுத்துக் கிடைக்கும். இந்தத் திட்டம் மலிவாகவாவது இருக்கும், இல்லையென்றால் திறமையாகவாவது இருக்கும் என்பது அவர் சொன்ன சமாதானம். அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டே இதைக் கடுமையாக எதிர்த்தார்.

அதே முறை சில வருடங்களில் சென்னை மாகாணத்துக்கும் கப்பல் ஏறி வந்துவிட்டது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களை அரசின் கணக்குக்குள் இழுக்க 'ரிசல்ட் கிராண்ட்' என்று ஒன்று கொடுத்தார்கள். ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று வாத்தியாருக்குக் காசு. அதுவரை ஊர்க்காரர்கள் கொடுக்கும் நெல்லையும் காசையும் வைத்துப் பிழைத்த மனிதருக்கு இது புது வருமானம், மறுப்பதற்கில்லை. ஆனால் யார் தேறுவான் என்று பார்த்து அவனுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பது, கேட்கப்போகும் பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பது என்று எல்லா வியாதியும் கூடவே வந்தது. கடைசியில் 1904ல் கர்சன் காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 1882ல் ஹண்டர் கமிஷன் உட்கார்ந்தபோது, நாட்டுப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ரிசல்ட் கிராண்ட் இருக்கலாம் என்று சொன்னது. ஆனால் கல்லூரிகளுக்கு மானியம் கொடுக்கும்போது வேறு நான்கைப் பார்க்கச் சொன்னது: ஆசிரியர் எண்ணிக்கை, நடத்துவதற்கு ஆகும் செலவு, கல்லூரியின் திறமை, அந்த ஊரின் தேவை. வெள்ளைக்காரன் காலத்துக் கமிஷன் 'ஊரின் தேவை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

இப்போது சிதம்பரம். செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியார் 1920ல் அங்கே ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழ், சமஸ்கிருதம், இசை என்று வரிசையாகக் கல்லூரிகள். இவற்றோடு 20 லட்ச ரூபாய் நிதியையும் கொடுக்க, தனிச் சட்டம் போட்டு 1929ல் பல்கலைக்கழகம் பிறந்தது. அந்தக் காலத்து 20 லட்சம்! மற்ற பல்கலைக்கழகங்கள் போல ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்துப் பரீட்சை நடத்தாமல், ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக இது இருந்தது. பணம் கொடுத்தவருக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. நிறுவனர் குடும்பத்தவர் இணைவேந்தர். துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைப்பதும் அவரே. அரசு மானியமும் உண்டு, நிர்வாகம் குடும்பத்தின் கையில். பாதி அரசு, பாதி தனியார் என்ற இந்த அமைப்பு 84 வருடம் ஓடியது.

அந்தக் காலத்தில் சிதம்பரத்துக்கு யாரும் ரேங்க் போடவில்லை. சீனிவாச சாஸ்திரி துணைவேந்தராக இருந்தார். 1941ல் தமிழிசை மாநாடு அங்கே நடந்தது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக மட்டும் இருக்கக்கூடாது என்ற இயக்கத்துக்கு அந்த வளாகம் ஒரு வீடு. இன்று ஒரு பல்கலைக்கழகம் இதே காரியத்தைச் செய்தால் எந்தக் கட்டத்தில் எத்தனை மார்க் விழும் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்கோபஸ் பட்டியலில் மாநாட்டுத் தீர்மானத்துக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை :)

1979ல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. இங்கேதான் கதையின் திருப்பம். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது அண்ணாமலை அஞ்சல்வழியில் எதையாவது படித்திருப்பார்கள். தமிழ்நாடு தாண்டியும் படிப்பு மையங்கள் திறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படிப்புகள். காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவனாகப் பார்த்தால் இதன் கணக்கு எளிது. பாடப்புத்தகம் ஒரு தடவை எழுதினால் போதும், பத்தாயிரம் பேருக்கு அச்சடிக்கலாம். கூடுதலாக ஒரு மாணவர் சேர்ந்தால் ஆகும் செலவு புத்தகமும் தபாலும்தான். அவர் கட்டும் ஃபீஸில் பெரும்பகுதி மிச்சம். அந்த மிச்சம் வளாகத்தில் இருக்கும் துறைகளுக்குப் போகும்.

யார் இவ்வளவு பேர் படித்தார்கள் என்பதும் சுவாரசியம். வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு படித்த பெண்கள், கல்லூரி வாசலையே மிதிக்காத முதல் தலைமுறை. இது பெரிய சேவை, சந்தேகமில்லை. கூடவே இன்னொரு கூட்டமும் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஆசிரியர்கள் கூடுதல் பட்டம் வாங்கினால் ஊக்க ஊதிய உயர்வு கிடைக்கும் (2020 மார்ச்சில் இதை நிறுத்திவிட்டார்கள்). எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில். என்று தேவை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு அலுவலகம் போடும் மார்க் இன்னொரு அலுவலகத்துக்குச் சந்தையாகிறது, பாருங்கள்.

இதற்கிடையே டெல்லியில் காற்று திசை மாறியது. 1993ல் நீதிபதி புன்னையா கமிட்டி யு.ஜி.சி.க்கு அறிக்கை கொடுத்தது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நடைமுறைச் செலவில் 15 சதவீதத்தையாவது முதல் ஐந்து வருடத்தில் தாங்களே சம்பாதிக்க வேண்டும், பத்து வருடத்தில் அதை 25 சதவீதமாக்க வேண்டும் என்றது. 1997ல் நிதி அமைச்சகத்தின் மானியங்கள் பற்றிய ஆய்வறிக்கை உயர்கல்வியை 'தகுதியற்ற பண்டம்' வகையில் சேர்த்தது. பொருளாதாரத்தில் அது ஒரு கலைச்சொல்தான், திட்டு அல்ல. ஆனாலும் சொல் சொல்தானே. 2000ல் குமாரமங்கலம் பிர்லாவும் முகேஷ் அம்பானியும் பிரதமரின் தொழில் வணிகக் குழுவுக்காக ஒரு கல்வி அறிக்கை தயாரித்தார்கள். உயர்கல்வியைச் சந்தைக்கு விடலாம், படிப்பவரே செலவை ஏற்கட்டும் என்பது அதன் சாரம். 1994ல் பெங்களூரில் நாக் என்ற மதிப்பீட்டு அமைப்பும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் தாட்சர் காலத்தில், 1986ல், பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு மதிப்பெண் போட்டு அதன்படி பணம் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு மாதிரியே இரண்டாவது கப்பலும் அங்கிருந்துதான்.

'நீயே சம்பாதி' என்ற அறிவுரையை, யாரும் சொல்வதற்கு முன்பே, மற்ற யாரையும்விட நன்றாகக் கடைப்பிடித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றுதான் நான் சொல்வேன். அஞ்சல்வழி வருமானம், சுயநிதிப் படிப்புகள், 1985ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் கட்டணம் என்று வண்டி ஓடியது. வருமானம் வந்ததும் ஆட்களும் சேர்ந்தார்கள். 2012 வாக்கில் ஆசிரியர், ஊழியர் எல்லாம் சேர்த்து 12 ஆயிரத்துக்கும் மேல்! சந்தை வருமானம் ஏறி இறங்கும். சம்பளம் ஏறும், இறங்காது. மற்ற பல்கலைக்கழகங்களும் தொலைநிலைக் கடை விரித்தன, ஊதியக் குழு உயர்வுகளும் வந்தன. 2012 நவம்பரில் சம்பளத்தைக் குறைக்கவும் ஆட்குறைப்பு செய்யவும் போவதாகப் பேச்சு கிளம்பியதும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்க, பல்கலைக்கழகத்தைக் காலவரையின்றி மூடினார்கள்.

2013 ஏப்ரலில் தமிழக அரசு ஷிவ் தாஸ் மீனா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாக அனுப்பியது (பத்து வருடம் கழித்துத் தலைமைச் செயலாளர் ஆனவர்). அதே வருடம் புதுச் சட்டம் போட்டு, நிறுவனர் குடும்பத்தின் உரிமைகளை நீக்கி, பல்கலைக்கழகத்தை அரசு முழுதாக எடுத்துக்கொண்டது.

2013 எங்கள் மாவட்டத்துக்கு விசித்திரமான வருடம். என்.எல்.சி.யில் மத்திய அரசின் பங்கு அப்போது 93.56 சதவீதம். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட அரசு நிறுவனங்களில் 10 சதவீதமாவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது செபி விதி. எனவே 3.56 சதவீதத்தை விற்றாக வேண்டும் என்றார்கள். ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். (2006லும் இதே மாதிரி விற்கப் பார்த்து, தி.மு.க. முறுக்கிக்கொண்டதும் மன்மோகன் சிங் அரசு நிறுத்திவைத்தது.) இந்த முறை ஜெயலலிதா அரசு வேறு வழி கண்டுபிடித்தது. டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட ஐந்து மாநில அரசு நிறுவனங்களே அந்தப் பங்கை வாங்கிக்கொண்டன. ஆக ஒரே வருடத்தில் ஒரே மாநில அரசு, 40 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், சந்தைக்குப் போகவிருந்த சுரங்கப் பங்கையும் சந்தையில் மூழ்கிக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தையும் கையில் எடுத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அரசு எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அடுத்த எட்டு வருடங்களைக் காட்ட வேண்டும். உபரி என்று முத்திரை விழுந்த ஆசிரியர்கள் மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும், ஊழியர்கள் வேறு அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். வேலை போகவில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் சிதம்பரத்தில் வீடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று இருந்தவர்கள் முன்னூறு கிலோமீட்டர் தள்ளிப்போய் அறை எடுத்துத் தங்கினார்கள். மருத்துவக் கல்லூரி கதை இன்னும் மோசம். அரசுக் கல்லூரியாகியும் கட்டணம் மட்டும் பழையபடி. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிக்க வருடத்துக்கு 13 ஆயிரம் சொச்சம், சிதம்பரத்தில் 5 லட்சத்துக்கு மேல். 2020 டிசம்பரில் தொடங்கி 50 நாளுக்கு மேல் மாணவர்கள் போராடினார்கள். 2021 ஜனவரி கடைசியில்தான் அது சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகி, கட்டணம் இறங்கியது. பெயர்ப்பலகையில் 'அரசு' வந்து எட்டு வருடம் கழித்து ரசீதில் 'அரசு' வந்தது.

அஞ்சல்வழியின் பாடு? 2013ல் தொலைநிலைக் கல்விக்கான பொறுப்பு யு.ஜி.சி. கைக்கு வந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே கடை போடக்கூடாது என்றது. அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று 2022 மார்ச்சில் பொது அறிவிப்பே விட்டது. இடைப்பட்ட வருடங்களில் சேர்ந்தவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். படித்தாயிற்று, பரீட்சை எழுதியாயிற்று, ஃபீஸும் கட்டியாயிற்று. பட்டம் செல்லுமா என்ற கேள்வி வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் கூடவே வரும்.

இங்கேதான் மார்க் உள்ளே நுழைகிறது. 2020ல் வந்த விதிமுறைப்படி ஒரு பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பு நடத்த நாக் மதிப்பெண் 4க்கு 3.01 ஆவது வேண்டும், அல்லது என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் முதல் நூறில் வந்திருக்க வேண்டும். 2018ல் வந்த 'தரவாரித் தன்னாட்சி' விதியும் இதே மாதிரிதான். 3.51 வாங்கினால் முதல் வகை, 3.26 வாங்கினால் இரண்டாம் வகை. நல்ல வகையில் வந்தால் யாரையும் கேட்காமல் புதுப் படிப்பு தொடங்கலாம். ஒரே நிபந்தனை, அதற்கு அரசிடம் பணம் கேட்கக்கூடாது. பரிசாகக் கிடைப்பது மானியம் அல்ல, ஃபீஸ் வசூலிக்கும் உரிமை! ராபர்ட் லோவாவது தேறிய தலைக்குக் காசு கொடுத்தார்.

என்.ஐ.ஆர்.எஃப். 2015ல் அறிவித்து 2016ல் முதல் பட்டியல் வந்தது. கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி போன்ற விளைவுகளுக்கு 20, பரவலுக்கு 10, 'மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்' என்பதற்கு 10. ஆராய்ச்சி என்றால் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியல்களில் இருக்கும் கட்டுரைகள். தமிழில் எழுதும் தமிழ்த்துறைப் பேராசிரியரின் நாற்பது வருட உழைப்பு அதில் அநேகமாகப் பூஜ்யம். பரவல் என்ற 10ல் பெண்கள், வசதி குறைந்தவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் எல்லாம் வருகின்றன, நல்லது. ஆனால் பிற மாநில, வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் என்பதற்கும் அதில் மார்க் உண்டு. பண்ருட்டி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் பிள்ளைகள் மட்டும் படிக்கும் ஒரு கல்லூரி, அந்தப் பிள்ளைகளைச் சேர்த்ததற்காகவே அந்தக் கட்டத்தில் மார்க்கை இழக்கும். ஹண்டர் கமிஷனின் 'ஊரின் தேவை' 140 வருடத்தில் தலைகீழாகிவிட்டது.

எதை அளக்கிறோமோ அது பெருகும். 2010ல் யு.ஜி.சி. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. என்ற புள்ளிக்கணக்கைக் கொண்டு வந்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை. உடனே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் இதழ்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் என்று யு.ஜி.சி. ஒன்று போட்டது. 2018 மே மாதம் அதே பட்டியலில் இருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. பிறகு கேர் பட்டியல் என்று புதிதாக ஒன்று, 2025ல் அதையும் கைவிட்டது. 2024ல் அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவல் ஞாபகம் இருக்கும். ஒரே பேராசிரியர் ஒரே வருடத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராக இருந்தார். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு விவகாரத்தில் நாக் ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. லஞ்ச வழக்கில் கைது செய்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார் பாவம், ஆய்வாளர் வரும் நாளில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை முன்னால் நிறுத்தியதோடு சரி.

அப்படியானால் அளவே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 2013க்கு முன் சிதம்பரத்தில் ஒழுங்காக யாராவது கணக்குக் கேட்டிருந்தால் 12 ஆயிரம் பேர் தெருவுக்கு வரும் நிலைமை வந்திருக்காது. அங்கே குறைந்தது ரேங்க் அல்ல, ஆடிட். ஆடிட் என்றால் கொடுத்த பணம் எங்கே போனது என்று கொடுத்தவர் கேட்பது. ரேங்க் என்றால் பணமே கொடுக்காதவர் நீ எத்தனையாவது என்று கேட்பது. பி.காம். மாணவனாக எனக்கு இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. நடந்தது என்னவென்றால், ஆடிட் பலவீனமாக இருந்ததற்கு மருந்தாக ரேங்க்கைக் கொடுத்துவிட்டார்கள்.

இதன் உச்சம் எங்கள் வருமான வரிப் பாடத்திலேயே இருக்கிறது. 1961ஆம் வருடச் சட்டத்தின் 10(23சி) பிரிவு, 'முழுவதுமாகவோ கணிசமாகவோ' அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு கொடுத்தது. கணிசம் என்றால் எவ்வளவு? மொத்த வரவில் 50 சதவீதத்துக்கு மேல் என்று விதி வைத்தார்கள். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்தவர்கள் எத்தனை பேர் 2024 பிப்ரவரிச் செய்தியோடு சேர்த்துப் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. அந்த மாதம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. 400 கோடிக்கு மேல் வரிப் பாக்கி என்றார்கள். காரணம், சில வருடங்களாக மாநில அரசின் மானியம் பாதிக்கும் கீழே போய்விட்டது. 1857ல் தொடங்கிய, அரசுச் சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகம், வரிக் கணக்குக்கு மட்டும் அரசுப் பல்கலைக்கழகம் இல்லை. ஆசிரியர்களும் ஓய்வூதியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். ஒரு அரசு 'நீயே சம்பாதி' என்று மானியத்தைக் குறைக்கிறது, சம்பாதித்ததும் இன்னொரு அரசு 'நீ அரசுடையது இல்லை, வரி கட்டு' என்கிறது. புன்னையா கமிட்டி 25 சதவீதம் சம்பாதி என்றபோது 50 தாண்டினால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

மானியம் குறைந்தால் முதலில் அடிபடுவது ஆசிரியர் பணியிடம். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்பெடுக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், வருடத்தில் 11 மாதம். 2019லேயே யு.ஜி.சி. வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் இதற்கு உவமை தேட வேண்டியதே இல்லை. சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். வெட்டிய டன் ஒரே கணக்கில் ஏறும், சம்பளம் ஒரே கணக்கில் ஏறாது.

2021ல் தமிழக அரசு, விழுப்புரத்தில் அதற்கு முந்தைய ஆட்சி அதே வருடம் தொடங்கிய ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை அண்ணாமலையோடு இணைத்தது. 92 வருடமாகத் தன் வளாகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகம், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளுக்குப் பரீட்சை நடத்தும் இணைப்புப் பல்கலைக்கழகமாக மாறியது. காரணம் அரசியல் என்று ஒரு சாரார், நிர்வாகச் செலவு என்று அரசு. எனக்கு வணிகக் காரணமும் தெரிகிறது. அஞ்சல்வழி சுருங்கிய இடத்தில் இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் நிலையான வருமானம். 2025 அக்டோபரில் எதிர்த்திசையில் ஒரு மசோதா வந்தது. ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகள், அரசு உதவி பெறுபவை உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ள வழி செய்யும் மசோதா. ஆசிரியர் சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததும் மறுபரிசீலனை என்று அரசு பின்வாங்கியது.

இத்தனைக்கும் நடுவில் நெய்வேலியில் கல்லூரிகள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. 2002க்கு முன் இங்கே படித்தவர்கள் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கும். அப்புறம் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். இப்போது அண்ணாமலை. எங்கள் வீட்டில் சித்தி, அண்ணன், நான் என்று மூன்று பேரும் பி.காம். மூன்று பேருக்கும் மூன்று பல்கலைக்கழகம். போய்வந்த டவுன் பஸ் மட்டும் ஒன்றேதான்.